வயிற்றில் கெமரா வைத்த விமானம்

அண்ணன் கட்டாரிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது மூன்று பெட்டிகள் கொண்டுவந்தார். ஒன்றில் கம்பளிகளும் சவர்க்காரத் தூளும் இருந்தன. இன்னொன்றில் பிள்ளைகளுக்கு உடுப்பும் சொக்லட்டும். மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் நீளமானது. அண்ணி அதை ஆசையோடு பிரித்தார். உள்ளே இறக்கை முறிந்த ஒரு விளையாட்டு விமானம் இருந்தது. அண்ணி பெட்டியை மூடிவிட்டுத் தேத்தண்ணி வைக்கப் போனார்.

அண்ணன் அங்கே ஆறு வருடம் ஒரு வீட்டில் டிரைவராக இருந்தார். அந்த வீட்டுக்காரர் பொழுதுபோக்குக்காக வாங்கிப் பறக்கவிட்ட விமானம் அது. ஒருநாள் பாலைவனத்தில் தலைகுப்புற விழுந்ததும், குப்பையில் போடு என்று அண்ணனிடம் கொடுத்துவிட்டார். அண்ணன் போடவில்லை. கார் கழுவுகிற இடத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்து, ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார்.

எங்கள் தேயிலைத் தோட்டம் ஹட்டனிலிருந்து டயகம போகும் பாதையில் இருக்கிறது. பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கும் கொஞ்சம் கூட. நான் அந்த பஸ்ஸில் தினமும் ஹட்டனுக்குப் போய் ஒரு போன் திருத்தும் கடையில் வேலை செய்கிறேன். எட்டு வருடமாக அதே மேசை, அதே விளக்கு, அதே பூதக்கண்ணாடி. விமானத்தின் மோட்டார் ஓடவில்லை என்றதும் அண்ணன் அதைத் தங்கச்சியான என்னிடம்தான் கொண்டுவந்தார். ஒரு வயர் விட்டுப்போயிருந்தது, பற்றவைத்துக் கொடுத்தேன். இறக்கையையும் வயிற்றுப் பகுதியையும் அவரே பசை போட்டு ஒட்டினார். உடம்பு முழுக்க, சாமான் உடையாமல் பெட்டிகளில் வைக்கிற ரெஜிபோம் மாதிரி ஒரு லேசான பொருள். மூக்கில் சுழலுகிற ஒரு காத்தாடி. கையில் பிடிக்கிற ரிமோட்டில் இரண்டு குச்சிகள். அவ்வளவுதான் அந்த விமானம்.

முதல் தடவை அது தோட்டத்து விளையாட்டு மைதானத்துக்கு மேலே எழும்பி, நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயங்களின் கூரைகளுக்கு மேல் ஒரு வட்டம் போட்டதை இப்போதும் என்னால் சொல்ல முடியும். அண்ணன் அதைக் கையால் எறிந்தார். கொஞ்சம் தாழ்ந்தது, பிறகு ஏறிவிட்டது. அவருடைய முகத்தை நான் ஆறு வருடத்துக்குப் பிறகு அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். ஆனால் தோட்டத்தில் மற்றவர்களுக்கு அது வேறு மாதிரி. வெளிநாட்டில் உழைத்துவிட்டு வந்த மனுசன் முச்சக்கரவண்டியாவது வாங்குவான், இவர் விளையாட்டுச் சாமானோடு வந்திருக்கிறார் என்று பேசினார்கள். 'பிளேன்காரர்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். அண்ணன் கூலிக்கு ஒரு முச்சக்கரவண்டி ஓட்டப் போனார். பின்னேரம் வேலை முடிந்ததும் மைதானத்துக்குப் போவார்.

அதில் கெமரா வைக்கலாம் என்ற யோசனை என்னுடையது. சிவனொளிபாத மலைக்குப் போகிற சீசனில் எங்கள் கடைக்கு விதவிதமான சாமான்கள் வரும். மழையில் நனைந்த போன், படியில் விழுந்த போன். ஒரு வெளிநாட்டுப் பெண் ஒரு சின்னக் கெமராவோடு வந்தாள். தீப்பெட்டி இரண்டைச் சேர்த்து வைத்த அளவு இருக்கும், ஓடையில் விழுந்துவிட்டதாம். படங்கள் இருந்த கார்டை மட்டும் எடுத்துக் கொடுக்கச் சொன்னாள். கொடுத்தேன். செத்த கெமராவை எங்களிடமே விட்டுவிட்டுப் போய்விட்டாள். முதலாளி அதைப் மேசையின் பழைய சாமான் லாச்சியில் போட்டார். நான் அதை ஓய்வு நேரங்களில் கழற்றி, துரு பிடித்த இடங்களைத் துலக்கி, வேறொரு பெட்டரி வைத்துப் பார்த்தேன். மூன்றாவது வாரம் அதன் சிவப்பு விளக்கு எரிந்தது. முதலாளியிடம் காட்டினேன். "நீ தானே உசுரு குடுத்த, நீயே வச்சுக்க" என்றார்.

அன்று பஸ்ஸில் வரும்போது ஜன்னல் வழியே மலைகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பிறந்ததிலிருந்து இந்த மலைகளைக் கீழேயிருந்தும் பக்கத்திலிருந்தும்தான் பார்த்திருக்கிறேன். மேலேயிருந்து யார் பார்த்தார்கள்? வீட்டுக்குப் போனதும் அண்ணனிடம் கெமராவை நீட்டினேன். அவர் அதைக் கையில் எடுத்துக் கனம் பார்த்தார்.

"தாங்குமான்னு தெரியல. பாப்பம்" என்றார்.

முதலில் மூக்குக்கு மேலே டேப் போட்டு ஒட்டினோம். எறிந்ததும் விமானம் நேரே தலையைக் குத்திக்கொண்டு கீழே இருந்த தேயிலைக்குள் போய்விட்டது. மூக்கில் கனம் கூடிவிட்டதால் வந்த வினை. செடிகளுக்குள் புகுந்து நாங்கள் இரண்டு பேரும் தேடினோம், கிடைக்கவில்லை. மறுநாள் காலை கொழுந்தெடுக்கப் போன அண்ணிதான் அதைக் கண்டுபிடித்து, பின்னேரம் கொழுந்துக் கூடைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். வாலில் கொஞ்சம் சிராய்ப்பு, வேறு சேதமில்லை. "இந்தாங்க ஒங்க மூத்த புள்ள" என்று அண்ணனிடம் கொடுத்தார். அதில் கோபம் இருந்ததா சிரிப்பு இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் நான் இதைச் சரியான வேலையாக எடுத்துக்கொண்டேன். கெமராவின் தடித்த மேல் கூட்டைக் கழற்றி எறிந்தேன். உள்ளே இருந்தது ஒரு சின்னப் பலகையும் கண்ணும் பெட்டரியும்தான். கனம் பாதிக்கு மேல் குறைந்தது. விமானத்தின் இரண்டு இறக்கைகளுக்கும் அடியில் ஒவ்வொரு விரலை வைத்துத் தூக்கினால், அது முன்னும் பின்னும் சாயாமல் மட்டமாக நிற்க வேண்டும். அப்படி நின்றால்தான் பறக்கும் என்று அண்ணன் காட்டித்தந்தார். கெமராவை வயிற்றுக்கு அடியில் ஒட்டி, விமானத்தின் பெட்டரியை ஒரு விரற்கடை பின்னால் தள்ளினோம். மட்டமாக நின்றது.

அது பறந்தது. இறங்கவும் செய்தது. ஆனால் இறங்கும்போது வயிறுதான் தரையில் உரசும். கெமராவின் கண்ணில் ஒரு கீறல் விழுந்துவிட்டது. வீடியோவைப் போட்டுப் பார்த்தால் அதைவிட மோசம். மலைகளெல்லாம் தட்டில் வைத்த ஜெலி மாதிரி ஆடின. லயங்கள் நெளிந்தன. காத்தாடியின் அதிர்வு நேராகக் கெமராவுக்குள் போயிருந்தது.

அந்த நோய் எனக்குத் தெரிந்த நோய். நல்ல போன்களின் கெமராவைக் கழற்றிப் பார்த்தால், அந்தச் சின்னக் கண் எதிலும் இறுக்கமாகப் பொருந்தியிருக்காது. தலைமயிரைவிட மெல்லிய கம்பிகளில் தொங்கிக்கொண்டிருக்கும். கை நடுங்கினாலும் கண் நடுங்காது. இங்கேயும் அதையே செய்ய வேண்டும். கெமரா விமானத்தின் வயிற்றுக்குள்ளே இருக்க வேண்டும், ஆனால் எந்தச் சுவரிலும் படக்கூடாது. நாலு பக்கமும் ரப்பரில் தொங்க வேண்டும். கீழே பார்க்க ஒரு ஓட்டை வேண்டும். அப்படிச் செய்தால் தரையிலும் உரசாது.

இதை அண்ணனிடம் ஒரு தாளில் வரைந்து காட்டினேன். அவர் ஓட்டை வரைந்திருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இந்த எடத்துல தான் அது ரெண்டா மொறிஞ்சு கெடந்துச்சு. நான் ஒட்டி வச்சிருக்கேன். அதே எடத்துல நீ கத்திய வச்சா அப்பறம் அது பறக்காது பாப்பா."

"பறக்கும் அண்ணே. சுத்தி மூங்கில் குச்சி வச்சு நான் பலப்படுத்தித் தர்றேன்."

"வேணாம்" என்று எழுந்து போய்விட்டார்.

நான் வற்புறுத்தவில்லை. ஆறு வருடத்தில் அவர் தனக்கென்று கொண்டுவந்தது அந்த ஒன்றுதான். தாளை மடித்து என் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

பிறகு மழை வந்தது. நாள்கணக்கில் நிற்காமல் பெய்தது. பாடசாலைகள் மூடப்பட்டன, பாதையில் மண் விழுந்து பஸ் நின்றது, ஒருநாள் அதிகாலை மலையுச்சியில் பெரிய சத்தம் கேட்டது. விடிந்து பார்த்தால், எங்கள் லயங்களுக்கு வலப்பக்கமாக, காட்டிலிருந்து கீழே தண்ணீர் ஓடுகிற ஆற்றுக் கான் வரைக்கும் மலையின் தோல் உரிந்து சிவப்பாகக் கிடந்தது. யார் வீட்டிலும் விழவில்லை. அதற்குச் சாமிக்குத் தேங்காய் உடைத்தோம். ஆனால் அன்று பின்னேரம், எல்லோரும் குடம் வைத்துப் பிடிக்கிற பீலியில் தண்ணீர் நின்றுவிட்டது.

காட்டுக்குள் ஒரு ஊற்று இருக்கிறது. அதன் வாயில் கட்டிய சின்னச் சீமெந்துத் தொட்டியிலிருந்து குழாய் வழியாகத்தான் எங்கள் ஆறு லயங்களுக்கும் தண்ணீர் வரும். குழாயும் தொட்டிக்குப் போகும் பாதையும் சரிவோடு போய்விட்டன. ஊற்றுக்கு என்ன ஆனது என்று யாருக்கும் தெரியவில்லை. மண் இன்னும் அசைந்துகொண்டிருக்கிறது, ஒருவரும் மேலே ஏறக்கூடாது என்று மண்சரிவு, வெள்ளம் பார்க்கிற அனர்த்த முகாமைத்துவ அதிகாரிகள் வந்து சொல்லி, குறுக்கே மஞ்சள் நாடாவும் கட்டிவிட்டுப் போனார்கள். அவர்கள் சொன்னது சரி. அதை மீறிப் போன இரண்டு பேர் இடுப்பளவு சேற்றில் புதைந்து, கயிறு போட்டு இழுக்கப்பட்டார்கள்.

மழை விட்ட பிறகு கீழே பஸ் பாதையோரக் குழாயிலிருந்துதான் தண்ணீர் தூக்க வேண்டியிருந்தது. லயத்திலிருந்து அங்கே இறங்க இருநூற்றுச் சொச்சம் படிகள். கொழுந்தெடுத்துவிட்டு வந்த பெண்கள் திரும்பவும் கேனோடு இறங்கினார்கள். நானும் கடையிலிருந்து வந்து தூக்கினேன். இடைக்கிடை பவுசர் லொறியில் தண்ணீர் வந்தது, பாதி லயங்களுக்குக் கொடுப்பதற்குள் முடிந்தது. மூன்று வாரம் இப்படியே போனது. தோட்டத்துத் தலைவர், தோட்டத்தை நிர்வகிக்கிற தொரையிடம் போய்ப் பேசினார். தொழிற்சங்கத்தில் எங்களுக்காகப் பேசுகிறவரைத்தான் தலைவர் என்போம். ஊற்று மண்ணுக்குள் போய்விட்டது, வேறு மலையிலிருந்து புதுக் குழாய் இழுக்கத்தான் வேண்டும், அதற்கு மேலிடத்து அனுமதி கிடைக்க மாதக்கணக்கில் ஆகும் என்று அவருக்குப் பதில் கிடைத்தது.

ஒருநாள் அண்ணி நிறைந்த கேனோடு படியில் வழுக்கி விழுந்தார். முழங்கால் வீங்கிவிட்டது. நான் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தபோது அவர் அழவில்லை. "ஊத்து உசுரோட இருக்கா செத்துருச்சான்னு மட்டும் யாராச்சும் பாத்துச் சொன்னா போதும்" என்றார். "அது தெரியாம தான் மனசு கெடந்து அடிக்குது."

அண்ணன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே போய் விமானத்தை எடுத்துவந்து என் மடியில் வைத்தார்.

"அறுத்துக்க" என்றார்.

அந்த ஞாயிறு முழுவதும் அந்த வேலைதான். மெல்லிய கத்தியை அடுப்பில் காட்டி, சூட்டோடு வெட்டினேன். அப்படி வெட்டினால் ஓரம் உதிராது. கத்தி இறங்கும்போது அண்ணன் வெளியே போய்விட்டார். தீப்பெட்டி அளவு ஓட்டை. அதைச் சுற்றி மூங்கில் குச்சிகளைச் சட்டம் மாதிரி ஒட்டினேன். சைக்கிள் டியூப்பை நூல் மாதிரி நறுக்கி நாலு மூலையிலிருந்தும் இழுத்துக் கெமராவைக் கட்டினேன். போன் பார்சல்களில் வரும் மென்மையான ஸ்பொஞ்சை வெட்டி ஒவ்வொரு மூலையிலும் செருகினேன். ரப்பர் இறுகினால் அதிர்வு உள்ளே வரும், தளர்ந்தால் கெமரா ஊஞ்சல் ஆடும். ஆறு தடவை அவிழ்த்துக் கட்டினேன். கடைசியில் விரலால் சுண்டியபோது அது ஒரே ஒரு தடவை அசைந்துவிட்டு நின்றது. கண்ணில் இருந்த கீறலுக்கும் வழி செய்தேன். பழைய போன் ஒன்றின் கண்ணாடி வட்டம் அளவாகப் பொருந்தியது.

அண்ணன் வந்து விமானத்தை இரண்டு விரல்களில் தூக்கினார். மட்டமாக நின்றது. மைதானத்துக்குப் போய் எறிந்தார். ஒரு சுற்று, இரண்டு சுற்று. இறங்கியதும் கார்டைக் கழற்றி என் போனில் போட்டேன். எங்கள் தோட்டம் தெரிந்தது. தகரக் கூரைகள், அவை பறந்துவிடாமல் மேலே வைத்த கற்கள், கொடியில் காயும் துணிகள், கோவில் கோபுரத்தின் உச்சி, வாசலில் காலை நீட்டிக்கொண்டு மேலே பார்க்கும் அண்ணி. நடுக்கமே இல்லை. ஒரு தகரம் கூட நெளியவில்லை. நான் அதைப் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். போன் திருத்தி எட்டு வருடம் ஆகிறது. அன்றைக்கு வந்த மாதிரிச் சந்தோஷம் ஒருநாளும் வந்ததில்லை.

தலைவரிடம் காட்டினோம். அவர் வீடியோவைப் பார்த்துவிட்டு, கெமராவோடு ஒன்றைப் பறக்கவிடுவதென்றால் சும்மா விடமாட்டார்கள், எல்லாவற்றையும் எழுத்தில் செய்வோம் என்றார். அவரே எங்களைக் கிராம சேவகரிடமும் தோட்டத்து ஒபிஸுக்கும் கூட்டிக்கொண்டு போய்க் கடிதங்கள் வாங்கினார். பொலிஸில் இருந்த அதிகாரி சிங்களத்தில் பல கேள்விகள் கேட்டார். அண்ணன் விமானத்தைத் திறந்து காட்டினார். ரப்பரில் தொங்கும் கெமராவை அந்த அதிகாரி விரலால் மெல்ல ஆட்டிப் பார்த்துவிட்டு, இதை யார் செய்தது என்று கேட்டார். அண்ணன் என்னைக் காட்டினார். மேலே யாரிடமோ போனில் பேசி, கடைசியில் எந்த நாள், எந்த இடம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

சரிவுக்கு நேர் எதிரே, கானுக்கு அந்தப் பக்கம், ஏழாம் நம்பர் தேயிலை மலையில் பாதை வளைகிற இடம் பாதுகாப்பானது. அங்கே நின்றால் சரிவின் கீழ்ப்பாதி தெரியும். மேல்பாதி காட்டுக்குள் மறைந்துவிடும். காலை ஏழு மணிக்குப் போய் நின்றோம். ஒன்பது மணிக்கு மேல் காற்று கிளம்பிவிடும். அண்ணன் எறிந்தார். விமானம் பள்ளத்துக்கு மேலே போய், ஏறி, காட்டுக்கு மேலே ஒரு புள்ளியாகி, திரும்பி வந்தது. இறங்க இடம் தேவையில்லை. அடர்ந்த தேயிலையின் தலைகள் மட்டமாக, மெத்தை மாதிரி இருந்தன. அதன்மேலேயே இறக்கினார்.

கார்டைப் போட்டுப் பார்த்தேன். மூன்று நிமிடம் வெறும் வெள்ளை. விமானம் போன வழியில் லேசான பனிமூட்டம் இருந்திருக்கிறது, கெமராக் கண்ணில் நீர்த்துளிகள் அப்பிக்கொண்டிருந்தன. பாதையில் நின்று வேடிக்கை பார்த்த சிலர் சிரித்துவிட்டுப் போனார்கள். அண்ணன் என்னைப் பார்த்தார். எனக்கு வெட்கத்தைவிட அவசரம்தான் இருந்தது. தப்பு எங்கே என்று தெரிந்த வேலை பாதி முடிந்த வேலை. வீட்டுக்கு வந்து கெமராவை ஓட்டைக்குள் இன்னும் கொஞ்சம் உள்வாங்கிக் கட்டினேன். தயிர்க் கோப்பையின் மூடியை வளைத்து, ஓட்டைக்கு முன்னால் சின்னத் தாழ்வாரம் மாதிரி ஒட்டினேன். முன்னாலிருந்து வருகிற துளி அதில் பட்டு விலகிப் போய்விட வேண்டும். கேன் தண்ணீரைக் கையால் தெளித்து, வாயால் ஊதி, பத்துத் தடவை சோதித்தேன்.

இரண்டு நாள் கழித்து அனுமதியைப் புதுப்பித்துக்கொண்டு திரும்பவும் போனோம். இந்தத் தடவை அண்ணியும் காலை இழுத்துக்கொண்டு வந்தார். தலைவர் வந்தார். வேலைக்குப் போகும் வழியில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள்.

விமானம் காட்டை நோக்கிப் போனது. அண்ணன் மூன்று தடவை குறுக்கும் மறுக்குமாக ஓட்டத் திட்டமிட்டிருந்தார். முதல் தடவை போய் வந்தது. இரண்டாவது தடவை போய் வந்தது. மூன்றாவதில் மேட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு மேகத் துண்டு இறங்கி, விமானத்தை மூடிவிட்டது. மோட்டார் சத்தம் மட்டும் கேட்டது, பிறகு அதுவும் இல்லை. அண்ணன் ஒரு குச்சியை மெல்ல இடப்பக்கம் சாய்த்து, அப்படியே பிடித்துக்கொண்டு, வாய்க்குள் எண்ணினார். பதினெட்டோ பத்தொன்பதோ எண்ணும்போது மேகத்தின் கீழ் விளிம்பில் அது வெளியே வந்தது, எங்களை நோக்கி மூக்கைத் திருப்பியபடி. யாரோ கைதட்டினார்கள். அண்ணன் கைதட்டலுக்குத் தலையைத் திருப்பாமல் அதைத் தேயிலைமேல் இறக்கினார். நான் செடிகளுக்குள் ஓடினேன்.

பாதையோரம் நின்றுகொண்டே போனில் போட்டோம். என் தோளுக்கு மேலும் கைக்குக் கீழும் தலைகள். படம் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. சிவந்த மண், வேரோடு சாய்ந்த மரங்கள், தொட்டி இருந்த இடத்தில் ஒரு மண் மேடு. அங்கே தண்ணீர் இல்லை. பின்னால் ஒருவர் பெருமூச்சு விட்டது கேட்டது. விமானம் திரும்பியது, படம் சாய்ந்தது. அப்போது மண் மேட்டுக்கு இடப்பக்கம், இலைகளுக்கு நடுவே, வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது.

நான் நிறுத்தி, பெரிதாக்கினேன். கோடு அசைந்தது. தண்ணீர். ஊற்று சாகவில்லை. வழக்கமாகப் போகிற வழியை மண் அடைத்துவிட்டதால், அது வேறு பக்கம் திரும்பி, ஒரு பெரிய கரும்பாறையைச் சுற்றிக்கொண்டு, பக்கத்துக் கானுக்குள் விழுந்துகொண்டிருந்தது.

அது எந்த இடம் என்று ஆண்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். அண்ணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து போனை வாங்கிப் பார்த்தார். பாறைக்குப் பக்கத்தில் இரண்டு யூகலிப்டஸ் மரங்கள் ஒன்றோடொன்று சாய்ந்து நின்றன.

"இது பன்னெண்டாம் நம்பர் மலைக்கு மேல இருக்குற பாறை" என்றார். "நாங்க கொழுந்தெடுக்கப் போனா இதுக்குக் கீழதான் ஒக்காந்து சாப்புடுவோம். அங்கன போக தேயில ஸ்டோர் பக்கத்து ரோட்டு இருக்கு. சரிஞ்ச மண்ண மிதிக்கவே தேவயில்ல."

ஒரு கணம் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். மழை தொடங்கியதிலிருந்து அந்த மலைக்கு யாரும் கொழுந்தெடுக்கப் போகவில்லை. அங்கே தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்கவும் ஆளில்லை.

தலைவர் எங்களை நேரே ஒபிஸுக்குக் கூட்டிப் போனார். தொரை முதலில் நின்றபடி பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டாவது தடவை பார்த்தார். மூன்றாவது தடவை தோட்டத்து வரைபடத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு பார்த்தார். அண்ணியை முன்னால் வரச் சொல்லி, பாறை எந்த இடம் என்று கேட்டார். அண்ணி வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினார். இருபது வருடமாகக் கூடையோடு வாசலில் நின்று பார்த்த ஒபிஸ் மேசை அது. தொரை தலையை ஆட்டிவிட்டு, அதிகாரிகளைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறேன், அந்த வீடியோவை எனக்கும் அனுப்பு என்றார்.

அதிகாரிகள் இரண்டாம் நாளே வந்தார்கள். பன்னிரண்டாம் நம்பர் வழியாகப் போய்ப் பார்த்து, அந்தப் பக்கம் நிலம் உறுதியாக இருக்கிறது, அங்கிருந்து குழாய் போடலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். குழாய்களைத் தோட்டம் தந்தது. ஆறு லயத்து ஆண்களும் பெண்களும் இரண்டு ஞாயிறு தோளில் சுமந்து ஏற்றினார்கள். பாறைக்குக் கீழே தற்காலிகமாக ஒரு பெரிய பிளாஸ்டிக் பீப்பாயை வைத்து, அதிலிருந்து குழாயை இறக்கினார்கள். எந்த வழியாக இறக்கினால் மேடு குறுக்கே வராது என்பதைப் பார்க்க அண்ணன் இன்னும் ஒரு தடவை பறக்கவிட்டார். தலைவர் என் போனைக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

இரண்டாவது ஞாயிறு மூன்று மணியளவில் பீலிக்கரையில் எல்லோரும் நின்றோம். முதலில் குழாய் இருமியது. காற்று வந்தது, பிறகு தேத்தண்ணி நிறத்தில் சேறு வந்தது, பிறகு மறுபடி காற்று. ஒருவர் மேலே பார்த்துக் கத்தினார், மேலேயிருந்து ஒருவர் பதில் கத்தினார். அப்புறம் தண்ணீர் வந்தது. கலங்கலாக வந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து, சீமெந்துத் தரையில் அடித்துத் தெறித்தது. அதற்கடியில் முதல் குடத்தை அண்ணிதான் வைக்க வேண்டும் என்று பெண்கள் சொன்னார்கள். அவர் குடத்தை வைக்கவில்லை, கையை நீட்டி முகத்தைக் கழுவினார். பிறகு அண்ணனைக் கூப்பிட்டார். அவரும் கழுவினார். அன்றைக்குத் தோட்டத்தில் அண்ணனைப் 'பிளேன்காரர்' என்று கூப்பிட்டவர்கள் பலர். அதே பெயர்தான். ஆனால் பக்கத்தில் உட்காரக் கதிரை போட்டுவிட்டுக் கூப்பிட்டார்கள்.

என்னிடம் வந்தவர்கள் வேறு கேள்வி கேட்டார்கள். அந்தக் கெமரா எப்படி ஆடாமல் நிற்கிறது என்று. நான் விமானத்தைத் திருப்பி, வயிற்றைக் காட்டி, ரப்பரைச் சுண்டிக் காட்டினேன். அன்றைக்கு எத்தனை பேருக்குக் காட்டினேன் என்று தெரியாது. ஒவ்வொரு தடவையும் முதல் தடவை மாதிரியே இருந்தது.

மாசி மாதத்தில் பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து தலைவருக்கு அழைப்பு வந்தது. லயத்துக்கு மேலே மலையில் வெடிப்பு மாதிரி ஒன்று தெரிகிறதாம், ஏறிப் பார்க்கப் பயமாக இருக்கிறதாம், உங்கள் தோட்டத்து விமானத்தைக் கொண்டுவர முடியுமா என்று. கடிதங்களெல்லாம் அவர்களே எடுத்து வைத்திருந்தார்கள். நான் கடையில் ஒருநாள் லீவு கேட்டேன். முதலாளி காரணத்தைக் கேட்டுவிட்டு, புது மெமரி கார்ட் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார்.

வேன் விடியற்காலையில் வந்தது. அண்ணன் முன்சீட்டில் ரிமோட்டோடு ஏறினார், நான் விமானத்தை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். வாசலில் நின்ற அண்ணி வேன் கதவைச் சாத்துவதற்கு முன் குனிந்து, "பாத்து எறக்குங்க, அந்த ஊருல தேயில கவ்வாத்து வெட்டி மொட்டையா இருந்தா குச்சி குத்திரும்" என்று அண்ணனிடம் சொன்னார். வேன் புறப்பட்டது. அங்கே போய்ச் சேர்ந்தபோது மூட்டமில்லை, காற்றில்லை, மலை முழுக்க வெயில் அடித்துக்கொண்டிருந்தது.